நிலத்தில் கிடக்கும் பத்துப் பொருட்கள்

பள்ளிக்கூடங்களைப் பூட்டி இரண்டாவது கிழமை, மகளின் முன்பள்ளி ஆசிரியை எல்லாத் தாய்மாருக்கும் போனில் ஒரு குரல் செய்தி அனுப்பினார். பெற்றோலுக்கும் டீசலுக்கும் நாடே வரிசையில் நின்ற காலம் அது. பஸ் இல்லை, வான் இல்லை, பிள்ளைகள் எல்லாம் வீட்டில்.

"இந்தக் கிழமைச் செயற்பாடு இதுதான். பிள்ளை தோட்டத்தில நடந்து போய், நிலத்தில கிடக்கிற பத்துப் பொருட்களைத் தானே பொறுக்கி எடுத்து, பிறிஸ்டல் போட் அட்டையில ஒட்டவேணும். அம்மாமார் தயவுசெய்து உதவி செய்யவேண்டாம்."

அதை நான் இரண்டு தரம் கேட்டேன். மற்றத் தாய்மார் உடனே பூப்படமும் கைகூப்பும் படமும் போட்டு நன்றி சொன்னார்கள். நான் போனைக் குசினி அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டு, கத்தரிக்கோலுடன் தோட்டத்துக்குப் போனேன். வேப்பங்கொப்பு, மாவிலை, கொய்யாப் பிஞ்சு, செவ்வரத்தை, முருங்கைப்பூ என்று பத்தையும் மரத்திலிருந்தே வெட்டினேன். கழுவி, துணியில் ஒற்றி, ஒரு தட்டில் அடுக்கி மகளுக்கு முன்னால் வைத்தேன். ஐந்து வயசுப் பிள்ளை, ஒட்டு என்றால் ஒட்டினாள். படம் எடுத்து அனுப்பினேன். ஆசிரியை மூன்று நட்சத்திரம் போட்டார்.

சுத்தக் கள்ளவேலை. ஆனால் நிலத்தில் கிடப்பதைப் பொறுக்கு என்று ஒரு பிள்ளையிடம் சொல்ல என் வாய்க்கு வராது. அந்தச் சொல்லை நான் பதினைந்து வருடமாக வீட்டில் பாவிப்பதில்லை. அரிசியில் கல் பொறுக்குவதைக்கூட அரிசி பார்ப்பது என்றுதான் சொல்வேன். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

அப்போது நாங்கள் துறைமுகப் பட்டினத்தில், லிங்கநகரில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். என் கணவருக்கு ஓட்டோ ஓட்டம். ஓட்டம் என்று சொன்னாலும் அந்த மாதங்களில் அது ஓடவில்லை, எண்ணெய்க் கடை வரிசையில் நின்றது, அவரும் அதற்குள்ளேயே குடியிருந்தார். என் கந்தோர் வேலைக்குக் கிழமையில் இரண்டு நாள் போனால் போதும் என்றார்கள். மிச்ச நாட்களில் நான் ஆசிரியையானேன்.

காலை எட்டு மணிக்கு விறாந்தையில் பாய் விரித்தால் அதுதான் வகுப்பறை. எட்டரைக்குள் நான் ஒரு தரமாவது கத்தியிருப்பேன். பொறுமைக்கும் எனக்கும் வெகுதூரம். கோடு நேராக வராவிட்டால் பிள்ளையின் கையைப் பிடித்து நானே இழுத்துவிடுகிற ஆள். என்றாலும் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. வெண்டிக்காயைக் குறுக்கே வெட்டி, பீற்றூட் சாற்றில் தோய்த்துக் கடதாசியில் குத்தினால் பூ வரும். மாவிலையைக் கடதாசிக்குக் கீழே வைத்து மேலே பஸ்டலால் தேய்த்தால் நரம்பு நரம்பாக எழும்பி வரும். சிரட்டையில் ஈரப்பஞ்சு வைத்துப் பயறு முளைக்கப் போட்டோம். கோதுமை மாவைக் கரைத்துப் பசை காய்ச்சினோம். மா கிடைக்காமல் போன பிறகு சோறு வடித்த கஞ்சியால் ஒட்டினோம், அது ஒட்டியும் ஒட்டாமலும் நின்றது. இலைப்படங்களை மதிலில் கல் வைத்துக் காயப்போட்டிருந்தபோது ஒழுங்கையால் வந்த மான், பட்டினத்தில் ஆடுமாடு போல் திரிகிறவற்றில் ஒன்று, இரண்டு படத்தைத் தின்றுவிட்டது. நான் விளக்குமாற்றோடு ஓடினேன். மகளோ, "பாவம், அதுக்குப் பசி" என்று மூன்றாவது படத்தையும் அதனிடம் நீட்டிக்கொண்டு நின்றாள்.

இவ்வளவையும் கூட இருந்து செய்த நான் ஒன்றைக் கவனிக்கவில்லை. கவனித்தவர் என் கணவர். ஒருநாள் மத்தியானம், பக்கத்து ஓட்டோக்காரரிடம் வரிசையைப் பார்க்கச் சொல்லிவிட்டுச் சாப்பிட வந்திருந்தார். மகளின் பென்சில் மேசையிலிருந்து உருண்டு விழுந்தது.

"அம்மா, பென்சில்!"

நான் குசினியிலிருந்து வந்து எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனேன்.

"அம்மா, ரப்பர்!"

அதையும் எடுத்துக் கொடுத்தேன். அவர் சாப்பாட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"இவள் ஏன் குனிஞ்சு ஒண்டும் எடுக்கிறாளில்லை?"

"உங்கட மகள் எல்லோ. பஞ்சி, குனிய மனமில்லை."

"பஞ்சி இல்லையப்பா. நான் ரெண்டு மூண்டு நாளாப் பாக்கிறன். இஞ்ச பாரும்."

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு டொபி எடுத்து மகளின் காலடியில் போட்டார். "எடு பிள்ளை, உனக்குத்தான்."

மகள் டொபியைப் பார்த்தாள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். பிறகு திரும்பாமல், முகம் டொபியைப் பார்த்தபடியே இருக்க, ஒவ்வொரு அடியாகப் பின்னுக்குப் போனாள். முன்பு கால் வைத்த இடத்திலேயே மறுபடியும் கால் வைத்தாள். அப்படியே குசினி வாசல்வரை வந்து என் சட்டையைப் பிடித்து, "அம்மா, அங்க ஒரு சாமான் கிடக்கு" என்றாள்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நல்ல நடிகை என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் போய் டொபியை எடுத்து, தாளைக் கழற்றி அவள் வாயில் போட்டேன். உடனே சப்பிச் சாப்பிட்டாள். அவளுக்கு டொபி வேண்டாம் என்றில்லை. அது நிலத்தில் கிடந்தது, அவ்வளவுதான்.

அவள் செய்தது நடிப்பு இல்லை. அது ஒரு பாடம். எனக்கு அது தலைகீழாக மனப்பாடம்.

நான் குடாவுக்கு அந்தப் பக்கம், கட்டைபறிச்சானில் பிறந்தவள். சண்டையால் இடம்பெயர்ந்து போய், முகாமில் இருந்து, ஊருக்குத் திரும்பி வந்தபோது எனக்குப் பதினைந்து வயசு. வயலோரத்திலும் குளக்கட்டிலும் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகள் நட்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு ஆட்கள் வந்து படம் காட்டிச் சொல்லித் தந்தார்கள். தெரியாத சாமான் கிடந்தால் நில். தொடாதே. எடுக்காதே. வந்த அடியிலேயே கால் வைத்துத் திரும்பு. பெரிய ஆளிடம் போய்ச் சொல். அதை ஒரு பிழை இல்லாமல் ஒப்புவித்ததற்கு எனக்கு ஒரு பேனை பரிசு தந்தார்கள். இப்போது அதே பாடத்தை, ஒரு சிவப்புப் பலகையையும் கண்டிராத என் மகள், சீமெந்து போட்ட வீட்டுக்குள் ஒரு டொபிக்குச் செய்துகாட்டினாள்.

அவளுக்கு நான் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. நிச்சயமாக இல்லை. ஆனாலும் என் நடையிலிருந்து தொற்றியிருக்கலாம் என்று நினைத்தேன். காய்ந்த இலையைக்கூட விளக்குமாற்றால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் தொடுகிறவள் நான். றோட்டில் கிடக்கும் பேணி மூடியைச் சுற்றிக்கொண்டு போகிறவள். ஆகவே ஒரு கிழமை முழுக்க அவள் கண்முன்னால் குனிந்து குனிந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன். "இஞ்ச பார், அம்மா கல்லை எடுக்கிறன். இஞ்ச பார், அம்மா இலையை எடுக்கிறன்." இடுப்பு நோவு வந்ததுதான் மிச்சம். அவள் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மரியாதையாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த நாட்களில் வீடு எனக்குப் பயமாக இருந்தது. பட்டப்பகல், துறைமுகத்தில் கப்பல் ஊதும், பக்கத்து வீட்டில் வானொலி பாடும், நான் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருப்பேன். திரும்பிப் பார்த்தால் தோட்டத்தின் நடுவில் ஒரு பிள்ளை அசையாமல் நிற்கும், பிறகு பின்னுக்குப் பின்னுக்கு நடக்கும். அது என் மகள் என்று தெரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் எடுக்கும். அதற்குள் நான் வேறொரு பிள்ளையைக் கண்டிருப்பேன். எட்டு வயசு, நீலக் காற்சட்டை, மொட்டைத் தலை.

கடைசியில் அவளையே கேட்டேன். "உனக்கு இப்பிடி நடக்க ஆர் பழக்கினது?"

"மாமா."

அவளுக்கு ஒரே ஒரு மாமா, என் தம்பி. என்னைவிட ஏழு வயசு இளையவன். ஊரில் எங்கள் அம்மாவோடு இருக்கிறான், மூதூரில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறான். அவனுடைய வலக்கையில் பெருவிரலும் சுண்டுவிரலும் மட்டும்தான். நடுவில் மூன்று விரல்கள் இல்லை. அந்த இரண்டு விரலாலும் எள்ளளவு ஆணியைப் பிடித்துப் பூட்டிவிடுவான், ஐந்து விரல் உள்ளவன் பிழையாகப் பூட்டிய போன்கூட அவனிடம்தான் வரும் என்று பெருமையடிப்பான். பஸ் கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் கிண்ணியாப் பாலத்தைத் தாண்டி எங்களிடம் வருவான். மகளுக்கு அவன்தான் விளையாட்டுத் தோழன்.

"மாமா என்ன சொன்னவர்?"

அவள் பாட்டுச் சொல்வது போல் சொன்னாள். "மாமா சின்னனில உங்கட சொல்லுக் கேக்கேல்லையாம். போகாத, எடுக்காத எண்டு நீங்கள் வேலியில நிண்டு கத்திக் கத்திக் கூப்பிட்டீங்களாம். மாமா ஓடிப்போய் எடுத்திட்டாராம். அதான் விரல் போனது. சொல்லுக் கேக்கிற பிள்ளைக்கு விரல் போகாது."

நான் அவளைக் கட்டிப்பிடித்தேன். என் முகத்தை அவள் பார்க்கக்கூடாது என்பதற்காகத்தான் கட்டிப்பிடித்தேன். ஏனென்றால் அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

நடந்தது இதுதான். பள்ளிக்கூடத்தில் கைவேலைக் கண்காட்சி வைத்தார்கள். நான் விதைகளை ஒட்டி ஒரு சேவல் படம் செய்துகொண்டிருந்தேன். பயறும் உளுந்தும் ஒட்டியாகிவிட்டது, கொண்டைக்குச் சிவப்பு வேண்டியிருந்தது. எங்கள் வேலிக்கு அப்பால் ஒரு காணியில் பற்றைக்குள் குண்டுமணிக் கொடி படர்ந்து, விதை நிலத்தில் உதிர்ந்து கிடந்தது. அந்தக் காணியை இன்னும் மிதிவெடி எடுத்துத் துப்புரவாக்கவில்லை என்று எனக்குத் தெரியும். பரிசுப் பேனை வாங்கியவள் அல்லவா, எல்லாம் தெரியும். ஆனால் ஊரில் அப்போது ஒரு கதை இருந்தது. மிதிவெடி பெரிய ஆளின் பாரத்துக்குத்தான் வெடிக்கும், சின்னப் பிள்ளைக்கு வெடிக்காது என்று. ஆடுகள் உள்ளே மேய்ந்துவிட்டுச் சும்மா வருகின்றனவே என்று அதற்கு ஆதாரமும் சொல்வார்கள். யார் தொடக்கிய கதை என்று தெரியாது. நான் அதை நம்பினேன். எனக்குப் போகப் பயம், அதனால் நம்பினேன்.

"நீ பாரமில்லை, உனக்கு ஒண்டும் செய்யாது" என்று தம்பியிடம் சொன்னேன். "கெதியா ஓடிப்போய், சிவப்பாக் கிடக்கிறது எல்லாத்தையும் பொறுக்கிக்கொண்டு வா."

அவன் ஓடவில்லை. படத்தில் காட்டியபடி பார்த்துப் பார்த்துக் கால் வைத்துப் போனான். குந்தியிருந்து பொறுக்கினான். பிறகு ஒன்றைக் கையில் தூக்கிக் காட்டினான். சின்னது, விளிம்பில் சிவப்பு நிறம். தூரத்தில் எனக்கு அது இன்னதென்று தெரியவில்லை.

"அக்கா, இதையும் எடுக்கிறதோ?"

"ஓம், கொண்டா" என்றேன்.

ஆஸ்பத்திரியில் அம்மா என்னைப் பிடித்து உலுப்பிக் கேட்டபோது, அவன் தானாகப் போனான், நான் போகாதே என்று கத்தினேன், கேட்கவில்லை என்று சொன்னேன். அம்மா நம்பினார். ஊர் நம்பியது. பிறகு கலியாணம் கட்டியவரும் அந்தக் கதையைத்தான் கேட்டு, நம்பினார். தம்பியிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. பாவம் பிள்ளை என்று சொல்லிப் பேசாமல் விட்டுவிட்டார்கள். நானும் அவனும் அதைப் பற்றி ஒரு சொல் கதைத்ததில்லை. எட்டு வயசு, அந்த அதிர்ச்சியில் மறந்திருப்பான் என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது. என் பொய்யை அவன் தன் ஞாபகமாக வைத்திருக்கிறான் என்பதை, பதினைந்து வருடம் கழித்து என் பிள்ளையின் வாயால் அறிந்தேன். சொல்லுக் கேட்டதால் விரல் இழந்தவன், சொல்லுக் கேளாததால் இழந்ததாக என் பிள்ளைக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தான்.

எனக்கு வேண்டியது பெரிய காரியம் இல்லை. என் பிள்ளை குனிந்து ஒரு சாமானை எடுக்கவேண்டும். வருகிற தையில் முதலாம் வகுப்புக்குப் போகிறவள், விழுந்த பென்சிலுக்குக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கக்கூடாது. என்னுடைய அந்தக் காணி அவள் காலுக்குக் கீழே வரக்கூடாது. அவ்வளவுதான் கேட்டேன்.

"இஞ்ச ஒண்டும் இல்லை பிள்ளை, எடுக்கலாம்" என்பேன்.

"மாமா சொன்னவர்" என்பாள்.

"மாமா சும்மா பகிடிக்குச் சொன்னவர்."

"அப்ப விரல்?"

அந்தக் கை எங்கள் வீட்டுக்கு வந்து, என் கையால் தேத்தண்ணி வாங்கிக் குடித்து, அவளைத் தூக்கிச் சுற்றி விளையாடிவிட்டுப் போகிறது. அவள் அதை நம்புவாளா, என்னை நம்புவாளா? கதையை மாற்ற வேண்டுமென்றால் உண்மையைச் சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னால் தம்பி என்ன செய்வான் என்று யோசித்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு ஞாயிறு வந்தது, போனது. இரண்டு தரமும் நான் குசினிக்குள் ஏதோ வேலை இருப்பது போல் நின்றேன்.

மூன்றாவது ஞாயிறு, ஆசிரியை அனுப்பிய வேலை ஒரு கைமரம். வீட்டில் உள்ளவர்களின் கையைக் கடதாசியில் வைத்துச் சுற்றிக் கீறி, வெட்டி, இலையாக ஒட்டவேண்டும். அப்பாவின் கையை அவர் வரிசைக்குப் போகுமுன்னே கீறி எடுத்தாகிவிட்டது. என் கை, மகளின் கை முடிந்தது. பத்து மணிக்குத் தம்பி வந்தான். பாயில் குந்தி, "என்ர கை இல்லாமல் மரமோ?" என்று இடக்கையை நீட்டினான்.

"அது வேண்டாம். எனக்கு அந்தக் கை" என்றாள் மகள்.

"ஏன் மருமோளே, இதுதானே வடிவு?"

"அது எல்லாரிட்டயும் இருக்கு."

அவன் சிரித்துக்கொண்டு வலக்கையை வைத்தான். மகள் நாக்கைக் கடித்தபடி பெருவிரலைச் சுற்றிப் போய், விரல் இல்லாத மேட்டில் மெல்ல ஏறி இறங்கி, சுண்டுவிரலைச் சுற்றி வந்தாள். நான் பசைச் சட்டியோடு அவர்களுக்கு முன்னால் இருந்தேன். அன்றைக்குக் குசினிக்குள் போகவில்லை.

"பாத்தியா, இதுதான் சொல்லுக் கேக்காத கை" என்று அவன் தொடங்கினான். "உன்ர அம்மா வேலியில நிண்டு கத்துறா, டேய் போகாத, டேய் எடுக்காத..."

மகள் என்னைப் பெருமையாகப் பார்த்தாள். அந்த நேரம் அவள் மடியிலிருந்த கத்தரிக்கோல் வழுக்கி நிலத்தில் விழுந்தது. அவள் எழும்பினாள். கையைப் பின்னால் கட்டினாள். ஒரு அடி பின்னுக்கு வைத்தாள்.

"நான் கத்தேல்லை" என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் மகளைப் பார்த்துத்தான் சொன்னேன். அவனைப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை.

"அம்மா போகாத எண்டு சொல்லேல்லை. அம்மாதான் போகச் சொன்னனான். குண்டுமணி பொறுக்கிக்கொண்டு வா எண்டு சொன்னனான். எனக்குப் பயம், அதான் மாமாவை அனுப்பினனான். மாமா ஒண்டைத் தூக்கிக் காட்டி, இதையும் எடுக்கிறதோ எண்டு கேட்டவர். நான் ஓம், கொண்டா எண்டு சொன்னனான்."

மகள் மாமாவின் கையைப் பார்த்தாள்.

"அப்ப மாமா குழப்படி செய்யேல்லையா?"

"இல்லை. மாமா சொல்லுக் கேட்டவர்."

தம்பி கடதாசியிலிருந்து கையை எடுத்தான். எழும்பி வெளியே பைப்படிக்குப் போனான். தண்ணீர் திறந்த சத்தம் கேட்டது. கையில் பசை ஒன்றும் இல்லை, ஆனாலும் தண்ணீர் நெடுநேரம் ஓடியது. நான் எழும்பிப் போகவில்லை. போய் என்ன சொல்வது? திரும்பி வந்தபோது முகமும் நனைந்திருந்தது. குனிந்து கத்தரிக்கோலை எடுத்து மேசையில் வைத்தான். "கவனமா வெட்டு" என்று மகளின் தலையைத் தடவினான். பிறகு பையை எடுத்துத் தோளில் போட்டான்.

"பஸ் போயிடும்" என்றான். அந்த நாட்களில் மூதூர்ப் பக்கம் போகிற பஸ் மூன்று மணிக்குத்தான்.

மகள் அன்றைக்கும் எதையும் எடுக்கவில்லை, அடுத்த நாளும் எடுக்கவில்லை. வாய் திறந்தால் எல்லாம் சரிவரும் என்று நினைத்த என் புத்தியை நானே நொந்துகொண்டேன். நாலாம் நாள் பின்னேரம் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவள் வேம்புக்குக் கீழே குந்தியிருந்தாள். சட்டை மடி நிறைய மஞ்சள் வேப்பம்பழம். இன்னும் ஒன்றை எடுத்துப் போட்டாள், இன்னும் ஒன்று. எடுக்காதே என்று கத்தப் போனேன். ஈரத் துவாயை வாயில் வைத்து அமத்திக்கொண்டேன். அவள் நிமிர்ந்து பார்த்து, "அம்மா, நிறைய இருக்கு!" என்றாள். எனக்கு அழுகையும் வந்தது, சந்தோஷமும் வந்தது. அந்தச் சந்தோஷத்தை நான் ஒளிக்க விரும்பவில்லை. வாழ்நாளில் நான் செய்த ஒரே நல்ல காரியம் என்றுகூட அந்த நேரம் நினைத்தேன்.

அதற்குப் பிறகு கேட்கவேண்டுமா? சோடா மூடி, காகச் சிறகு, நத்தை ஓடு, உடைந்த வளையல், காய்ந்த மான் புழுக்கை ஐந்து. முன்பு நான் கள்ளமாகச் செய்த வேலையை அவள் மறுபடியும் செய்தாள். பத்துப் பொருட்களுக்குப் பதிலாக முப்பத்திரண்டு ஒட்டினாள், அட்டை தூக்க முடியாத பாரம். அவள் ஒவ்வொரு தரம் குனியும்போதும் நான் கை வேலையை விட்டுவிட்டு அவள் விரல்களைப் பார்த்தேன். அதை நான் பழகிக்கொண்டேன்.

தம்பி வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை, அதற்கடுத்ததும் வரவில்லை. எரிபொருள் கிடைக்கத் தொடங்கி, பஸ்கள் ஒழுங்காக ஓடிய பிறகும் வரவில்லை. ஞாயிறு காலையில் என் கணவரின் போனுக்கு எடுத்து, மகளிடம் கொடுக்கச் சொல்வான். அவள் அந்தக் கிழமை பொறுக்கியதையெல்லாம் வரிசையாகச் சொல்வாள். அவன் சிரிப்பது குசினிவரை கேட்கும். நான் அங்கே நின்று கேட்பேன். மாமா என்ன சொன்னவர் என்று மகளிடம் கேட்டால், "ஒண்டும் இல்லை, மாமாவும் நானும் கதைச்சம்" என்பாள். கணவருக்கு நான் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அவர் கொஞ்ச நாள் என்னோடு அளந்து கதைத்தார், பிறகு வழமைக்கு வந்தார். தம்பியிடம் போய் வா என்று அவர் சொன்னார். நான் இரண்டு தரம் பஸ் நிலையம்வரை போய்த் திரும்பி வந்தேன்.

பள்ளிக்கூடம் தொடங்கி, முதலாம் வகுப்புக் கொப்பிகளுக்கு உறை போட்டுக்கொண்டிருந்த ஒரு ஞாயிறு, போன் அடித்தது. கணவர் குளித்துக்கொண்டிருந்தார். மகளின் இரண்டு கையிலும் பசை. நான் எடுத்தேன்.

"அக்கா" என்றான். ஐந்து மாதத்துக்குப் பிறகு அந்தச் சொல்.

"சொல்லு."

"நீங்கள் அண்டைக்குச் சொன்னது எனக்கு முதலே தெரியும்."

பேச்சுப் பழகிய நாளிலிருந்து என்னை நீ என்று கூப்பிட்டவன். அக்கா நீ வா, அக்கா நீ போ என்றுதான் வாயில் வரும்.

"தெரியுமெண்டா ஏன்ரா பிள்ளைக்கு அப்பிடிச் சொன்னனி?"

"ஆஸ்பத்திரியில நீங்கள் அம்மாக்குச் சொல்லேக்க நான் நித்திரையில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தனான். எனக்குச் சரியான கோவம். பிறகு ஊரில எனக்கு நீங்கள் மட்டும்தானே விளையாட. கோவத்தை வச்சுக்கொண்டு உங்களோட இருக்க ஏலாது. அதால நீங்கள் சொன்னதையே நானும் எடுத்தனான். சொல்லிச் சொல்லி, நீங்கள் வேலியில நிண்டு கத்தினது எனக்கு உண்மையாவே ஞாபகம் வரும். அதை வச்சுத்தான் உங்கட வீட்டுக்கு வந்து போனனான்."

அவன் கடையில் யாரோ ஒரு போனின் மணியை மாற்றி மாற்றி அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது நிற்கும்வரை நான் பொறுத்தேன்.

"இப்ப?" என்று கேட்டேன்.

"இப்ப அந்த ஞாபகம் வருகுதில்லை" என்றான். பிறகு, "பிள்ளையிட்டக் குடுங்கோ" என்றான்.

நான் மகளின் கையைத் துடைத்துவிட்டுப் போனைக் கொடுத்தேன்.